ஒற்றை அறையும் ஒரு குடம் தண்ணீரும்: பம்பாய், சென்னை வாழ்க்கைச் செலவின் வரலாறு

இரண்டு நகரங்களில் எது வாழ்வதற்கு மலிவானது, எது வாழ்வதற்கு உகந்தது என்ற கேள்விகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்றாலும், அரசின் கணக்கேடுகளில் முதல் கேள்விக்குக் கிடைத்த இடம் இரண்டாவதற்குக் கிடைத்ததில்லை. தானியம், எண்ணெய், துணி, விறகு, வாடகை ஆகியவற்றின் விலையைத் திரட்டி ஒரு தொழிலாளர் குடும்பத்தின் மாதச் செலவாகக் காட்டும் முறை இந்தியாவில் முதல் உலகப் போருக்குப் பின்னரே வேரூன்றியது; அந்தக் கணக்கு எதைச் சேர்த்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதைப் பம்பாயையும் சென்னையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெளிவாகக் காண முடிகிறது. இரண்டும் ஆங்கிலேயரின் வணிகத்தால் வளர்ந்த துறைமுகங்கள். இரண்டும் மாகாணத் தலைநகரங்கள். இரண்டிலும் பஞ்சாலைகள் இருந்தன. ஆயினும் பம்பாயில் குடியேறியவர்கள் இடத்துக்காகத் தம் வாழ்நாளைக் கொடுத்தார்கள், சென்னையில் குடியேறியவர்கள் தண்ணீருக்காகக் கொடுத்தார்கள். இந்த இரண்டு விலைகளில் எதுவும் விலைவாசிப் பட்டியலில் முழுமையாகப் பதிவாகவில்லை.

வேறுபாட்டின் வேர் நிலத்தில் இருக்கிறது. பம்பாய் கடலால் சூழப்பட்ட, வடக்கு நோக்கி மட்டுமே நீளக்கூடிய தீவு. சென்னையோ திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், எழும்பூர், புரசைவாக்கம் என்று ஏற்கெனவே இருந்த ஊர்களைக் கோட்டையைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே விரிந்த, இடையிடையே தோப்பும் ஏரியும் வயலும் கிடந்த சமவெளி. 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இரு நகரங்களின் பரப்பும் முப்பது சதுர மைலுக்குக் குறைவாகவே இருந்தது. ஆனால் பம்பாயில் 11,75,914 பேரும் சென்னையில் 5,26,911 பேரும் வாழ்ந்தார்கள். காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் நிறுவிய ஆலை 1856இல் நூற்கத் தொடங்கியதைத் தொடர்ந்து பரேல், லால்பாக், வொர்லிப் பகுதிகளில் ஆலைகள் பெருகி, கொங்கணக் கடற்கரையிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஆட்களை இழுத்துக்கொண்டன. சென்னையில் பி அண்டு சி எனப்பட்ட பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளும் சூளை ஆலையும் பெரியவைதாம் என்றாலும், நகரின் பிழைப்பு அவற்றைச் சுற்றியே அமையவில்லை. எழுத்தர் வேலையும் துறைமுகமும் ரயில்வேப் பணிமனைகளும் சில்லறை வணிகமும் சேர்ந்தே நகரைத் தாங்கின.

பம்பாய்க்கு வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். 1921இல் அந்நகரில் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 525 பெண்களே இருந்தார்கள். மனைவி, மக்கள், முதியோர் ஆகியோரைப் பேணும் செலவு ரத்தினகிரி மாவட்டத்துக் கிராமங்களில் நடந்ததால், ஆலை முதலாளிகள் கொடுத்த கூலி ஒரு குடும்பத்தைப் பம்பாயிலேயே வைத்துக் காப்பாற்றப் போதுமானதா என்ற கேள்வி நெடுநாள் எழாமலேயே இருந்தது. சென்னை அவ்வாறன்றிக் குடும்பங்களோடு வாழ்ந்த நகரம். அங்கே கூலி குறைவு, ஆனால் வீட்டுச் சமையலும் உறவும் அருகிலேயே இருந்தன.

விலைவாசியை முறையாக அளக்கும் வேலையைப் பம்பாய் அரசு 1921இல் அமைத்த தொழிலாளர் அலுவலகம் மேற்கொண்டது. போருக்கு முந்தைய நிலையான 1914 ஜூலை மாத விலையை நூறு என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் அதே பொருள்களை அதே அளவில் வாங்க எவ்வளவு தேவைப்படுகிறது என்று கணக்கிட்டு வெளியிடப்பட்ட எண்ணே வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் எனப்பட்டது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருவது என்பதை முடிவு செய்வதற்காக 1921-22இல் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை அலுவலகம் ஆராய்ந்தது. உணவுக்கு 56.8 விழுக்காடு, விறகுக்கும் விளக்குக்கும் 7.4, துணிக்கு 9.6, வீட்டு வாடகைக்கு 7.7, மற்றவற்றுக்கு 18.5 என்று அந்த ஆய்வு கண்ட பங்கீட்டை மேலோட்டமாகப் படிப்பவருக்கு, பம்பாயில் வாடகை ஒரு பெரிய சுமையே அல்ல என்று தோன்றக்கூடும். ஆனால் அந்தக் குடும்பங்களில் நூற்றுக்கு 97 குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாடகைப் பங்கு குறைவாக இருந்ததற்குக் காரணம் இடம் மலிவாகக் கிடைத்தது அன்று. அதற்கு மேல் ஒரு சாண் இடம்கூட எடுத்துக்கொள்ள அவர்களால் இயலவில்லை என்பதே. நெரிசலைத் தாங்கிக்கொண்டு மிச்சப்படுத்திய பணம் கணக்கேட்டில் குறைந்த செலவாகப் பதிவாகி, வசதியின் அடையாளம் போலத் தோற்றம் தந்துவிட்டது.

சால் எனப்படும் அந்தக் குடியிருப்புகளின் அமைப்பை அறிந்தால்தான் இந்த 7.7 விழுக்காட்டின் பொருள் விளங்கும். மூன்று நான்கு மாடிகளைக் கொண்ட கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் நீண்ட தாழ்வாரம். அதையொட்டி வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையின் மூலையிலும் பாத்திரம் துலக்கவும் குளிக்கவும் மோரி என்று அழைக்கப்பட்ட, சிறு கரை கட்டிய சதுரம். தாழ்வாரத்தின் கோடியில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான குழாயும் கழிப்பிடமும். தனியாக வந்த ஆண்கள் பலர் சேர்ந்து ஓர் அறையை எடுத்து, இரவு வேலைக்குப் போகிறவரின் படுக்கையில் பகல் வேலை முடித்தவர் படுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. இவர்களுக்குச் சோறு போட்டவர்கள் கானாவளி என்னும் சாப்பாட்டு வீடுகளை நடத்திய பெண்கள். ஆலைத் தொழிலாளியின் மனைவி அல்லது கைம்பெண் ஒருத்தி, தன் ஒற்றை அறையிலேயே பத்து இருபது பேருக்கு இரு வேளையும் சமைத்துப் போட்டு மாத முடிவில் காசு வாங்கிக்கொள்வாள். ஆலைக் கூலியைக் குறைவாக வைத்திருக்க உதவிய இந்த உழைப்புக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1975இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலை அமைத்த பிறகே கடனும் சங்கமும் கிடைத்தன.

நெரிசலின் விலை நோயாக வந்தது. 1896இல் பரவிய பிளேக்கைத் தொடர்ந்து 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தொடங்கப்பட்டும், 1921இல் பம்பாயில் பதிவான ஆயிரம் பிறப்புகளுக்கு 666 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. பேறுகாலத்துக்கு ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு கைக்குழந்தையோடு திரும்பும் பெண்களின் குழந்தைகள் பிறப்புப் பதிவேட்டில் இடம்பெறாமல் இறப்புப் பதிவேட்டில் மட்டும் இடம்பெற்றதால் இந்த விகிதம் உண்மையைவிட மிகையாகத்தான் இருக்கும். எவ்வளவு கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது கொடுமையான எண்ணே. மாதக் கூலியில் சில ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது என்பதற்காகப் பம்பாயைச் சென்னையைவிட மேலான ஊர் என்று சொல்ல முடியாததற்கு இந்த ஒரு பதிவேடே போதும்.

அரசு இந்த நெரிசலுக்குக் கண்ட தீர்வு, 1920இல் அமைத்த பம்பாய் வளர்ச்சித் துறையின் வழியே தானே சால்களைக் கட்டுவது. ஐம்பதாயிரம் அறைகள் என்று திட்டமிடப்பட்டு, வொர்லி, நாய்காவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய இடங்களில் கட்டடத்துக்கு எண்பது அறைகளாக 207 கட்டடங்கள் எழும்பின. காற்றும் வெளிச்சமும் சரியாக நுழையாத கான்கிரீட் அறைகளை, அதுவும் ஆலைகளிலிருந்து எட்டியிருந்தவற்றை, தொழிலாளர்கள் விரும்பி ஏற்காததால் அவற்றில் பல தொடக்க ஆண்டுகளில் பூட்டியே கிடந்தன.

சென்னையில் ஏழைகளின் வீட்டுச் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. அங்கே அறையை வாடகைக்கு எடுப்பதைவிட மனையை மட்டும் வாடகைக்கு எடுத்து, அதன்மேல் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகத் தானே வீடு கட்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. நிலம் ஒருவருடையது, மேலே நிற்கும் வீடு இன்னொருவருடையது என்ற இந்த நிலையில் நிலத்துக்கு உரியவர் பெறுவதே அடிமனை வாடகை. போருக்குப் பின் நிலவிலை ஏறியபோது நில உரிமையாளர்கள் குடியிருப்போரை வெளியேற்ற முற்பட்டதால், 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது; வெளியேற்ற வேண்டுமானால் கட்டடத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும், அடிமனையை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளக் குடியிருப்பவர் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் அது வகுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1918இல், பம்பாய் இயற்றிய சட்டம் அறை வாடகையைக் கட்டுப்படுத்துவதாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒரு நகரம் கூரையின் விலைக்கும் மற்றொரு நகரம் தரையின் உரிமைக்கும் சட்டம் செய்தன.

நடுத்தர வகுப்பினர் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். ஒரே முற்றத்தையும் கிணற்றையும் சுற்றி வரிசையாகப் பல குடித்தனங்கள் அமைந்த வீடுகளை ஸ்டோர் என்றே வழங்கினார்கள். கிணற்றடிச் சண்டையும் சுவருக்கு அப்பால் கேட்கும் பேச்சும் அங்கும் இருந்தன என்றாலும், பம்பாய்ச் சாலின் தாழ்வாரத்தோடு ஒப்பிடும்போது திண்ணையும் முற்றமும் கொஞ்சம் வானமும் கிடைத்தன. மாறாக, சேரிகளில் குடிசைவாசிகளுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் மழைநீர் தேங்கும் தாழ்நிலம். கோடையில் ஒரு கூரையில் பற்றிய தீ தெருவையே சாம்பலாக்கும்.

இனித் தண்ணீருக்கு வரலாம். சென்னையின் உண்மையான வாழ்க்கைச் செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மலையடிவாரத்தில் தவறாமல் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைத் தேக்கி, குழாய் வழியே கொண்டுவரும் வாய்ப்பு பம்பாய்க்கு இயற்கையாகவே அமைந்திருந்தது. விஹார் ஏரி 1860இலும், துளசி 1879இலும், நகருக்கு வெகு தொலைவில் உள்ள தான்சா 1892இலும் பயனுக்கு வந்தன; விடுதலைக்குப் பின் வைதர்ணா ஆற்றின் அணைகளும் பாட்சாவும் சேர்ந்தன. சென்னைக்கோ மலை அருகில் இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களை நம்பியே ஏரிகள் நிறைந்தாக வேண்டும். செங்குன்றம் ஏரியின் நீர் 1872 முதல் திறந்த கால்வாய் வழியே நகருக்கு வந்தது. அதை வடிகட்டி மேலேற்றி அனுப்பும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம், இன்றும் தியாகராய நகரில் ஒரு சாலைக்கும் சுரங்கப்பாதைக்கும் பெயராக நிற்கும் பொறியாளர் மேட்லியின் முயற்சியால் 1914இல் வந்தது. மேயராக இருந்த சத்தியமூர்த்தி அடிக்கல் நாட்டிய பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதன் பிறகு நகரம் பன்மடங்கு பெருகியும், அடுத்த பெரிய வரவான கிருஷ்ணா நீர் 1996இலும், வீராணம் நீர் 2004இலும், மீஞ்சூர்க் கடல்நீர் 2010இலுமே வந்து சேர்ந்தன.

இடைப்பட்ட அரை நூற்றாண்டுச் சுமை சென்னைப் பெண்களின் இடுப்பில் ஏறியது. விடியுமுன் எழுந்து அடிபம்பில் வரிசை போடுவது, தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டதும் குடங்களோடு ஓடுவது, லாரி வராத நாளில் அடுத்த தெருவுக்குப் போய்க் கெஞ்சுவது ஆகியவற்றில் கழிந்த நேரத்துக்கு எந்தக் குறியீட்டெண்ணிலும் விலை கிடையாது. குழாய்த் தண்ணீருக்கான வரி குறைவு என்பதால் ஏட்டில் தண்ணீர் மலிவாகவே இருந்தது. பம்பாயில் ஏழு பேர் ஓர் அறையில் முடங்கியது எப்படிக் குறைந்த வாடகையாகத் தோன்றியதோ, அப்படியே சென்னையில் காலை மூன்று மணிக்கு எழுந்தது குறைந்த தண்ணீர்க் கட்டணமாகத் தோன்றியது. வசதியுள்ளோர் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் போட்டார்கள், தனியார் லாரிக்குக் காசு கொடுத்தார்கள், பின்னர்க் கேன் தண்ணீர் வாங்கினார்கள். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டின் நடவடிக்கை நிலத்தடி நீரைக் கணிசமாக மீட்டது என்றாலும், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை மீண்டும் வந்தது.

இந்த இரு நகரங்களின் குறியீட்டெண்களை நேரடியாக ஒப்பிடும் தவறு அடிக்கடி நிகழ்வதுண்டு. பம்பாய் பின்னர் 1933-34ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டது. சென்னையின் எண் 1935-36ஐ நூறாகக் கொண்டு தொடங்கியது. ஒன்றில் 150 என்றும் மற்றொன்றில் 140 என்றும் இருந்தால், அந்தந்த நகரத்தின் பழைய விலையிலிருந்து எவ்வளவு ஏறியது என்பதைத்தான் அவை சொல்லும். எந்த நகரம் விலை மிக்கது என்பதை அவற்றால் சொல்லவே இயலாது. ஆனால் விலையேற்றத்துக்கு ஈடாகத் தரப்படும் பஞ்சப்படி இந்த எண்களோடு இணைக்கப்பட்டதால், இரண்டாம் உலகப் போர்க் காலம் முதல் தொழிற்சங்கங்களுக்கு அவை உயிர்நாடியாயின.

விடுதலையின்போது இயற்றப்பட்ட 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்றிருந்த வாடகையையே நிலையான வாடகையாக உறைய வைத்தது. போர்க்கால விலையேற்றத்தில் ஏழைகளைக் காத்த நல்ல சட்டம் அது. அரை நூற்றாண்டு மாறாமல் நின்றதுதான் பிழை. வாடகை கூடாததால் உரிமையாளர்கள் பழுது பார்ப்பதை நிறுத்தினார்கள். புதிதாகக் குடிவருபவரிடம் பகடி என்ற பெயரில் பெருந்தொகையைக் கணக்கில் வராமல் வாங்கினார்கள். கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கியபின், 1969இல் பழுதுபார்ப்பு வாரியம் அமைக்கப்பட்டு 19,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் வரி விதிப்பின் கீழ் வந்தன. 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த உறைவு நியாயமற்றதாகிவிட்டது என்று கூறியதையடுத்து வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் பகடியைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. சென்னையிலும் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் அங்கே குடிவருபவரை அழுத்தியது பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கமே. மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்று பொதுவிதி வகுத்த புதிய சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தும் வழக்கம் முழுதாக மாறவில்லை.

உணவில் மட்டும் சென்னை பிற்காலத்தில் தெளிவாக முந்தியது. நாட்டிலேயே முதன்முதலாக 1943 மே மாதம் நகரப் பங்கீட்டைத் தொடங்கியது பம்பாய்தான். ஆனால் 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் நடைமுறைப்படுத்தப்பட்ட காலம் முதல், மலிவு அரிசி தமிழக அரசியலின் நீங்காத கடமையாயிற்று. 1990களின் இறுதியில் பெரும்பாலான மாநிலங்கள் பொது வழங்கலில் ஏழைகளைத் தனியே பிரித்தபோது, மகாராஷ்டிரம் 1999இல் மஞ்சள், காவி, வெள்ளை என்று மூவகை அட்டை கொடுத்தது. தமிழகம் எல்லோருக்கும் பொதுவான முறையைக் கைவிடவில்லை. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி திறந்த அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் கிடைத்தன. பம்பாயில் 1995இல் தொடங்கிய ஒரு ரூபாய் சுண்கா பாகர் உணவு நிலையங்கள் நிலைக்கவில்லை.

இரு நகரங்களையும் வாழ்ந்தே ஒப்பிட்டவர்கள் பம்பாய்த் தமிழர்கள். ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் கற்று எழுத்தர் வேலைக்குப் போனவர்கள், மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த மாதுங்காவில், கழிப்பறையும் சமையலறையும் தம்முள்ளேயே கொண்ட அடுக்ககங்களில் குடியேறினார்கள். இந்தியாவில் நடுத்தர வகுப்பின் அடுக்குமாடி வாழ்க்கை உருப்பெற்ற இடங்களில் அது ஒன்று. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குப் போன முஸ்லிம்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் கிடைத்ததோ தாராவியின் சதுப்பு நிலம். அதைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கி வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்களே. ஊரில் சாதி மறுத்த தெருவும் கூலியும் அங்கே கிடைத்தன என்பதையும், 1966இல் தோன்றிய சிவசேனை தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியர்களைக் குறிவைத்தது என்பதையும் சேர்த்தே அவர்களது வாழ்க்கைத் தரத்தை மதிப்பிட வேண்டும்.

1982 ஜனவரியில் தொழிற்சங்கவாதி தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கி முறையாக முடிவுறாமலே போன வேலைநிறுத்தத்துக்குப் பின் பம்பாய் ஆலைகளும், 1996இல் சென்னையின் பி அண்டு சி ஆலையும் மூடப்பட்டன. கூலி போன இடத்தில் நிலம் மட்டும் விலைபோயிற்று. மத்திய அரசு தன் ஊழியரின் வீட்டு வாடகைப்படிக்காக இரு நகரங்களையும் ஒரே வகுப்பில் வைத்து ஒரே விழுக்காட்டைத் தருகிறது. இரு நகரங்களிலும் வீடு தேடுகிறவர் காணும் வேறுபாடு அந்த வகுப்பில் தெரிவதில்லை. வளர்ச்சித் துறை கட்டிய வொர்லிச் சால்களை இடித்து, குடியிருந்தவர்களுக்கு அங்கேயே 500 சதுர அடி வீடு இலவசமாகத் தரும் திட்டம் இப்போது நடந்துவருகிறது; அடுக்ககத்தின் மின்தூக்கிக்கும் பராமரிப்புக்கும் மாதந்தோறும் வரும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியும் அங்கு எழுந்தது. சென்னையில் 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தது. 2000 முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இருபது கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளிக் குடியேற்றத் தொடங்கியது. வீட்டுவேலைக்காகப் பழைய பகுதிக்கே வந்துபோகும் பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. போகவர ஆகும் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் இன்றுவரை எந்தக் கணக்கிலும் சேரவில்லை.